வால் பார்த்த நாள்

நாய்க்காகப் புருஷனை விட்டவள் என்று எங்கள் ஊரில் ஒருத்தியைச் சொல்வார்கள். பாகூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாக்கு சீவிக்கொண்டிருப்பேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. எழுத வரும். ஆகவே எழுதுகிறேன். அவள் என் அத்தை. நாய் என்னுடையது. அன்றைக்கு வாய்க்கால் கரையில் கடைசிவரை இருந்தவள் நான். சிரிப்பவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். பிரஞ்சுக்காரன் ஆட்சி. மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் என் பார்வை தரைக்குப் போய்விடும். தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு என்ன தெரியும்? கால்கள் தெரியும், நாய்கள் தெரியும். ஊரில் பாதிப் பேரை நான் காலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்து வைத்திருந்தேன். அப்பாவுக்குக் குதிகால் முழுக்க வெடிப்பு. அம்மா நடந்தால் மண்ணில் பெருவிரல் மட்டும் ஆழமாகப் பதியும். மாமாவுக்குப் பூட்ஸ்.

மாமா என்பவர் அத்தையின் புருஷன். அத்தை, அப்பாவின் சின்னத் தங்கை. பெரிய தங்கையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடலூர் போகும் வழியில் இங்கிலீஷ்காரன் சீமையில் கொடுத்திருந்தார்கள். சின்னவளை உள்ளூரிலேயே, அடுத்த தெருவில் கொடுத்தார்கள். மாமா பிரஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் ஊரில் அவருக்குச் சொல்தா என்று பெயர். பட்டாளத்துக்காரர் என்று அர்த்தம். சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு துப்பாக்கி, ஒரு சேவல், சில பிரஞ்சு வார்த்தைகள். சேவல் கப்பலில் வந்தது என்பார். பெண்ணையாற்றங்கரைச் சந்தையில் வாங்கியது என்று அப்பா வீட்டுக்குள் மட்டும் சொல்வார். வெளியே சொல்ல மாட்டார். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

பிரஞ்சு வார்த்தைகளில் அவர் அதிகம் செலவழித்தது ‘குஷே’. படு என்று அர்த்தமாம். தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் பூட்ஸ் காலை ஓங்கித் தரையில் வைத்து “குஷே” என்பார். நாய் அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். “சொன்ன பேச்சு எப்பிடி கேக்குது பாத்தியா? வெள்ளைக்காரன் நாயிக்கும் நம்ம நாயிக்கும் வித்தியாசம் இல்ல. சொல்றவன் சொல்லணும்” என்பார். தெருப் பையன்களும் குஷே குஷே என்று கத்திப் பார்த்தார்கள். ஒரு நாயும் படுக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கிட்டே வந்தன.

சைகோன் கதை கேட்க ஆட்கள் அவர் வீட்டு முன்கூடத்தில் கூடுவார்கள். கதை சுவையாகப் போகும்போது அத்தையும் உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் “குஷே” என்பார். அத்தை உள்ளே போய்விடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேடிக்கையாகத்தான் இருந்தது.

அத்தையை ஊரே மெச்சும். அடக்கம் என்ற வார்த்தைக்கே எங்கள் அம்மா அவளைத்தான் காட்டுவாள். “அத்தையப் பாத்துக் கத்துக்கடி. மாமா பூட்ஸ் சத்தம் கேட்டாப் போதும், பேசிக்கினு கீற பேச்சு பாதியிலே நின்னுடும்” என்பாள். உண்மைதான். நான் கவனித்திருக்கிறேன். பூட்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே அத்தையின் கால்விரல்கள் மெட்டியோடு சுருண்டு தரையைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் நடு வீட்டில் நடக்க மாட்டாள். சுவரை ஒட்டி ஒட்டியே போவாள். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொள்வாள். அடக்கம் என்றால் இவைதான் போலிருக்கிறது என்று நான் பாடமாக வைத்துக்கொண்டேன்.

இனி என் நாயைப் பற்றி.

செவலை என்று பெயர். நிறம்தான் பெயர். களத்தில் வைக்கோல் போருக்கு அடியில் குட்டியாகக் கிடந்தது. நான் எடுத்து வந்தேன். மனிதர்களோடு பேச வராத எனக்கு அதோடு பேச்சே வேண்டியிருக்கவில்லை. வால் ஆட்டினால் சந்தோஷம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடுப்பு முழுவதும் சேர்ந்து ஆடினால்தான் சந்தோஷம். வால் நிமிர்ந்து விறைத்துக்கொண்டு நுனி மட்டும் ஆடினால் எதிரே வேறு நாய் நிற்கிறது, சண்டை வரலாம். வால் தாழ்ந்து வேகவேகமாக ஆடினால், அடிக்காதே என்று கேட்கிறது. தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விட்டால் மனசு சரியில்லை. தின்ன ஒன்றுமில்லாதபோது மூக்கை நக்கிக்கொண்டால் பயம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தால், கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அப்போது கிட்டே போகக் கூடாது. பயம் கடந்துபோய்விட்டால், நனையாமலே நனைந்த நாய் மாதிரி காதிலிருந்து வால்வரை ஓர் உதறல் உதறும். அவ்வளவுதான், அத்தோடு அதை மறந்துவிட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும். மற்றவர்கள் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை சைகோன் சேவல் கழுத்து கடிபட்டுச் சாணிக் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு முன்பும் தெருவில் கோழிகள் போயிருந்தன. ஆனால் போனது சொல்தாவின் சேவல் என்றதும் விஷயம் பெரிதாகிவிட்டது. மாமா சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். “வால் பாத்துடுவோம்” என்றார்.

வால் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆட்டுக்குட்டியோ கோழியோ செத்துக் கிடந்தால் அதைக் களத்தின் நடுவில் போட்டு, தெரு நாய்களை ஒவ்வொன்றாக அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எந்த நாய் வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொள்கிறதோ அதுதான் திருடன். செய்த தப்பு வாலில் தெரிந்துவிடும் என்று நம்பிக்கை. பிரஞ்சுக்காரன் சட்டம் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்தச் சட்டம் இருந்தது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. குற்றவாளியின் கதை அன்றைக்கே முடிந்துவிடும்.

முதலில் பூசாரி வீட்டுக் கறுப்பன் வந்தான். நேரே சேவலிடம் போய், கொடி மாதிரி வாலை உயர்த்திக்கொண்டு, சேவலின் தொடையைக் கவ்வி இழுத்தான். பிடுங்குவதற்குள் ஒரு வாய் தின்றுவிட்டான். “இன்னாடா இது, பசிச்ச நாயி” என்று எல்லோரும் சிரித்தார்கள். வால் நிமிர்ந்திருந்ததால் அவன் குற்றமற்றவன் என்று முடிவாகியது. அடுத்து வந்த நாய்களும் மோந்து பார்த்துவிட்டுப் போயின.

செவலையை நான் கொண்டுவந்தேன். என் பாவாடையை உரசிக்கொண்டே வந்தது. சேவலை மோந்தது. வால் நடுவாக, அதன் பாட்டுக்கு இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தது, போகலாமா என்று. அந்த நேரத்தில் களத்தில் நின்ற மாட்டுவண்டிக்குப் பின்னாலிருந்து மாமா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டது. செவலை நின்ற இடத்தில் கல்லாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கை நக்கியது. கொட்டாவி விட்டது. வால் மெல்ல இறங்கி, வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

“பாத்துக்கங்க” என்றார் மாமா.

எனக்குக் காது சூடாகியது. ஊரே நின்றது. அப்பா கூட்டத்தில் இருந்தார். அவர் குதிகால் அசையவில்லை. நான் பேச வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய் திறந்துகொண்டது.

“மாமா கொஞ்சம் தூரமாப் போவட்டும். அப்புறம் வால் பாருங்க.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. இந்தப் பெண்ணுக்குக் குரல் இருக்கிறதா என்றே சிலருக்கு ஆச்சரியம். பிறகு சிரிப்பு கிளம்பியது.

“இன்னா சொல்தா, குட்டி உன்னை ஊரை வுட்டு வெரட்டுது” என்றார் ஒருவர்.

மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பூட்ஸைத் தரையில் ஓங்கி வைத்து “குஷே” என்றார். செவலை தரையில் சப்பையாக விழுந்தது. அடியில் மண் ஈரமாகியது. பயத்தில் மூத்திரம் போய்விட்டது.

“பார், பார், ஒத்துக்கிச்சு” என்றார் மாமா. “வாயத் தெறந்து சொல்லணுமா இன்னும்?”

ஒத்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள். “அது சேவலப் பாக்கல, மாமா காலப் பாக்குது” என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அம்மா என் தலையில் குட்டி, “நாயிக்காவ மாமாவ எதுத்துப் பேசறியா?” என்று வாயைப் பொத்தினாள். அவள் கை சாணி வாசனை அடித்தது. கையைக் கடிக்கலாமா என்று யோசித்தேன்.

செவலையைக் களத்து ஓரப் பனைமரத்தில் கட்டிவிட்டு, மாமா துப்பாக்கி எடுக்க வீட்டுக்குப் போனார். நாயைச் சுடுவதைப் பார்க்க யாருக்கும் மனசு இல்லை. தீர்ப்புக்கு நின்ற கூட்டம் தண்டனைக்கு நிற்கவில்லை. ஏர் கட்ட வேண்டும், கூழ் குடிக்க வேண்டும் என்று கலைந்துபோயிற்று. அப்பா என்னைப் பார்க்காமலே போனார்.

அடுத்த தெருவிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. தோட்டாப் பை வைத்த இடத்தில் இல்லையாம். எங்கேடி வைத்தாய் என்று அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. அந்தப் பை பிற்பாடு நெல் குதிரின் அடியிலிருந்து அகப்பட்டது என்று சொன்னார்கள். எலி இழுத்துப் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு அவர் கோட்டுப் பையைத் துழாவி ஒரே ஒரு தோட்டாவைக் கண்டுபிடிக்க நேரமாகியது. எனக்கு வேண்டியிருந்தது அந்த நேரம்தான். முடிச்சை நகத்தால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வரப்பு மேல் ஓடினேன்.

எங்கே ஓடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கழனிகள் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். பாகூர் ஏரித் தண்ணீர். இந்தக் கரை பிரஞ்சு, அந்தக் கரை இங்கிலீஷ். நாற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளரும். ஆனால் அந்தக் கரையில் கருவேல மரத்தடியில் ஒரு சுங்கச் சாவடி உண்டு. ஓலைக் குடிசை, ஒரு சேவகர், ஒரு தடி. துப்பாக்கியோடு யாரும் அந்தக் கரைக்குப் போக முடியாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஏறினேன். செவலை நீந்தி வந்து என் மேலேயே தண்ணீரை உதறியது.

“நாயிக்குச் சுங்கம் கட்டினியா?” என்றார் சேவகர், படுத்தபடியே.

மரத்தடியில் உட்கார்ந்து செவலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வரப்பில் மாமா வந்துகொண்டிருந்தார். தோளில் துப்பாக்கி. சேவகர் எழுந்து உட்கார்ந்தார்.

மாமா தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றார்.

“சொல்தா, அந்தக் குழாயோட ஒரு அடி இந்தாண்ட வெச்சா கடலூர் ஜெயிலு” என்றார் சேவகர். “நான் சொல்லல, சர்க்கார் சொல்லுது.”

“என் சேவலக் கொன்ன நாயி அது.”

“இருக்கட்டும். துப்பாக்கிய அங்க வெச்சிட்டு வந்து நாயப் புடிச்சுக்கோயேன்.”

மாமா துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார். அவற்றை அவர் மழையில்கூட நனைய விடமாட்டார். கழற்றிவிட்டு வெறுங்காலோடு வர வேண்டும். அந்தக் கால்களை நான் பார்த்ததே இல்லை. அவர் கழற்றவில்லை.

“குட்டி, நாய இஸ்துகினு வா” என்றார்.

“மாட்டேன்.”

என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவருக்கு நான் சொன்ன முதல் மாட்டேன் அது. சொல்லிவிட்டுப் பார்த்தால், எனக்குப் பக்கத்தில் வேறொரு சத்தம். செவலை உறுமிக்கொண்டிருந்தது. அதன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது.

“அய்ய, கரை மாறினதும் நாயிக்குத் தெகிரியம் வந்துட்டுது” என்றார் சேவகர்.

அப்போதுதான் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால், வரப்பில், கொஞ்சம் தள்ளி அத்தை நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைக் கூட்டி வந்தாரா, அவளாக வந்தாளா, தெரியாது. மாமா திரும்பாமலே சொன்னார். “போயி ரெண்டையும் இஸ்துகினு வா.”

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாமாவுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு எப்படிச் சொல்வது? அவள் கரையேறி வந்தாள். கயிற்றைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் எனக்குப் பக்கத்தில், மண்ணில், உட்கார்ந்துவிட்டாள். ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது.

செவலை அவளை மோந்துவிட்டு, மாமா நின்ற பக்கம் பார்த்து, வாயைப் பிளந்தது.

“இன்னா, தூக்கம் வருதா அதுக்கு?” என்றாள் அத்தை.

“தூக்கம் இல்ல அத்தே. மாமாவப் பாத்தா அதுக்குக் கொட்டாவி வரும். மூக்க நக்கிக்கும். மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கும். நான் சண்டைக்கு வரல, என்ன வுட்டுடுன்னு சொல்லுது.”

“அவருக்கு அது புரியுமா?”

“மாமாவுக்குக் குஷேதான் புரியும்.”

அத்தை சிரித்தாள். வாய் திறந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஓரத்துப் பல் ஒன்று இல்லாதது அப்போதுதான் தெரிந்தது.

“அப்போ இப்பிடியே சொல்லிக்கினே இருக்குமா? எத்தினி நாளைக்கு?”

“கேக்கலன்னா உறுமும். அதையும் கேக்கலன்னாத்தான் கடிக்கும்.”

“மொதல்லியே கடிச்சா இன்னாவாம்?”

“அது நல்ல நாயி அத்தே. சொல்லிட்டுத்தான் கடிக்கும்.”

“நல்ல நாயிதான்” என்றாள். செவலையின் கழுத்தில் கை வைத்து, உறுமல் வருகிற இடத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி தடவினாள்.

எதிர்க் கரையில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாடி பண்றே அங்க?” என்றார். அத்தை அசையவில்லை. சேவகர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கழனியில் நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா பூட்ஸை ஓங்கிக் கரையில் வைத்தார். வாய்க்கால் முழுதும் கேட்கும்படி “குஷே” என்றார்.

செவலையின் முன்னங்கால்கள் மடிந்தன. அத்தை அதன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதோடு அவளும் எழுந்து நின்றாள்.

“அது இனிமே படுக்காதுங்க” என்றாள்.

“இன்னா?”

“படுக்காது.”

முதல் தடவை சொன்ன ‘ங்க’ இரண்டாம் தடவை இல்லை. அத்தை மாமாவிடம் ‘ங்க’ இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். வாய்க்காலைத் தாண்டிக் கத்த வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கத்தவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மாமா நடவுப் பெண்கள் பக்கம் பார்த்தார். அவர்களில் ஒருத்தி சிரித்திருக்க வேண்டும். அவர் துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். மேடுகூட இல்லாத இடத்தில் பூட்ஸ் தடுக்கியது.

அப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோழிகள் அதற்குப் பிறகும் போயின. வைக்கோல் போரைப் பிரித்தபோது அடியில் ஒரு கீரியும் அது சேர்த்து வைத்திருந்த இறக்கைகளும் அகப்பட்டன. வால் பார்த்தவர்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கீரி புதிதாக வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அப்பா மறுநாளே பெரியத்தை வீட்டுக்குப் போனார். தங்கையை அழைத்து வந்து விடுகிறேன் என்று மாமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர், தனியாகத் திரும்பி வந்தார். பெரியத்தை அவரை உள்ளே கூட்டிப் போய்த் தங்கையின் முதுகைக் காட்டினாளாம். இதை அம்மா எனக்குச் சொன்னது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம் அவருக்கு அவ்வளவுதான் இடம் கொடுத்தது. மாமா கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அத்தை திரும்பி வரவில்லை. எத்தனையோ பேர் போய்ப் பேசினார்கள். அந்தக் கரையிலேயே நாற்று நட்டு, களை எடுத்து, பெரியத்தை பிள்ளைகளை வளர்த்து இருந்துவிட்டாள். எங்களூர்க்காரர்கள் ஒரு நாயைக் காரணமாக்கி, அவளுக்கு அந்தப் பெயரையும் வைத்தார்கள். நாய்க்காகப் புருஷனை விட்டவள். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. சேவலின் தொடையைத் தின்ற நாயை விட்டுவிட்டுப் பயந்த நாயைக் கட்டிவைத்த ஊர் அது. அத்தையை வேறு எப்படிப் படிக்கும்? இப்போது பிரஞ்சுக்காரனும் இல்லை, இங்கிலீஷ்காரனும் இல்லை. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரே தேசம். அந்தப் பெயர் மட்டும் இன்னும் இரண்டு கரையிலும் இருக்கிறது. அது பொய் என்று என் கையால் இங்கே எழுதி வைக்கிறேன். பந்தியில் சிரிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அன்றைக்கு மாமா போன பிறகு, வெயில் ஏறும்வரை நாங்கள் மரத்தடியிலேயே இருந்தோம். சேவகர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். செவலையின் மயிர் காய்ந்து பழைய நிறம் வந்துவிட்டது. அத்தை என் கையில் சுற்றியிருந்த கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தாள். கயிறு அழுந்திய இடத்தை ஊதிவிட்டாள்.

“நீ வூட்டுக்குப் போடி கண்ணு. செவலைய நான் பெரியத்த வூட்ல கொண்டுபோயி வுடறேன். நம்ம ஊருக்கு வந்தா அத வுடமாட்டாங்க.”

“நீங்க எப்ப வருவீங்க?”

“செவலை எப்ப வருதோ அப்ப” என்றாள்.

நான் அழுதேன். நாய் போகிறதே என்றுதான் அழுதேன். அத்தைக்கு என்ன, சாயங்காலம் வந்துவிடுவாள். என் நாயை அவள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாளோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

தண்ணீரில் இறங்கி இந்தக் கரைக்கு ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் செவலையின் வால் தாழ்ந்துதான் இருந்தது. பாதை திரும்புகிற இடத்தில், ஈச்சம்புதருக்குப் பக்கத்தில் அது நின்றது. காலைப் பரப்பி வைத்துக்கொண்டு, காதிலிருந்து ஆரம்பித்து வால் நுனிவரை உடம்பு முழுவதையும் ஓர் உதறல் உதறியது. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு அழுகை நின்றுவிட்டது. இனிமேல் பயமில்லை, மறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அத்தையும் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, இரண்டு கையாலும் பிடித்து, படீரென்று ஓர் உதறல் உதறினாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பாதையின் ஓரத்தில் அல்ல, நடுவில்.

புடவையில் மண் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.